வீட்டுப் பாட்டும் கருப்பொருளே!

மாந்தர் பேசக் கற்பதற்கு முன்பே பாட்டைக் கேட்கக் கற்றுவிடுகின்றனர். தொட்டிலில் கிடக்கும் மகவுக்குச் சொல்லின் பொருள் விளங்காது. ஆயினும் ஓசையில் உள்ள பரிவு விளங்கும். பெற்றோர் பெயரை அறியும் முன்னரே அவர்தம் பாட்டை அறிந்துகொள்ளும் அம்மகவு, வளர்ந்து கல்லூரிக்கு வந்தபின் அப்பாட்டை எங்கே வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சிற்றிலக்கியம் தொடங்கும் நாள். பாடத்திற்குள் நுழையும் முன் மாணவர்களின் தயக்கம் நீங்கட்டும் என்று கருதி, “உங்களுக்கு மிகவும் பிடித்த பாடல் ஒன்றைச் சொல்லுங்கள்” என்றேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து திரைப்படப் பாடல்களைச் சொன்னார்கள். சிலர் நாகூர் ஈ.எம்.ஹனீபா அவர்களின் பாடல்களைச் சொன்னார்கள். சிவகாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மட்டும் வேறு விதமாகச் சொன்னார்.

“எங்க அம்மா வெடிக்குக் குழல் சுத்தும்போது ஒரு பாட்டு முனங்குவாங்க. அது என்ன பாட்டுன்னு தெரியாது. அதைக் கேட்டா எங்க வெள்ளாட்டுக்குட்டி வந்து அம்மா பக்கத்துல படுத்துக்கிடும். அந்தப் பாட்டுதான் எனக்குப் பிடிக்கும்.”

வகுப்பு சிரித்தது. “ஆட்டுக்குட்டிக்குப் பிடித்த பாட்டா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மாணவர் முகம் சிவக்க அமர்ந்துவிட்டார். நானும் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரை எழுப்பினேன். அன்று மாலை பேருந்தில் விஸ்வநத்தத்திற்குத் திரும்பும்போதுதான், அவ்வகுப்பில் தொல்காப்பியத்திற்கு மிக அண்மையில் நின்ற விடை அதுவே என்பது எனக்கு உறைத்தது.

தொல்காப்பியர் சொன்ன கணக்கு

தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் அகத்திணையியலில் ஒரு நிலத்தின் வாழ்வை அடையாளம் காட்டும் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கிறார். தெய்வமும் உணவும் அங்கே உண்டு. விலங்கும் பறவையும் மரமும் உண்டு. மக்கள் செய்யும் தொழில் உண்டு. பறையும் யாழும் உண்டு. இவற்றை வினாத்தாளுக்காக மனப்பாடம் செய்த நாம், ஓர் உண்மையைக் கவனியாமல் விட்டுவிட்டோம். விலங்கையும் தொழிலையும் இசையையும் அவர் தனித்தனி இயல்களில் வைக்கவில்லை. ஒரே நூற்பாவில் வைத்தார். ஒரு நிலத்தின் இசை அந்நிலத்தின் உழைப்போடும், அங்கு உடன்வாழும் உயிர்களோடும் சேர்ந்தே பொருள்படும் என்பது அதன் கருத்து எனக் கொள்ளலாம்.

தாய் செய்யும் வேலை, அவர் முனங்கும் பாட்டு, அருகில் வந்து படுக்கும் ஆட்டுக்குட்டி என்று அம்மாணவர் சொன்ன மூன்றும் தொழில், இசை, விலங்கு என்னும் கருப்பொருள்களே ஆகும். நாம் சிரித்தது அவர் அறியாமையைக் கண்டன்று. நம் அறியாமையைக் கொண்டு.

விஸ்வநத்தத்தின் கருப்பொருளை இன்று யாரேனும் எழுதப் புகுந்தால் அவர் எவற்றை எழுதுவார்? மழை குறைந்த வானம் பார்த்த பூமி. வேம்பும் சீமைக்கருவேலும் மரங்கள். வெள்ளாடும் நாட்டுக்கோழியும் வீட்டு உயிர்கள். அண்டை ஊராகிய இராசபாளையத்தின் பெயரையே தாங்கிய வெண்ணிற வேட்டைநாய் இம்மாவட்டத்தின் பெருமை. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதற்கும் ஓர் இடம் தந்தது. தொழிலோ அனைவரும் அறிந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய 1920-களுக்குப் பின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்றும் இவ்வட்டாரத்திற்குச் சோறிடுகின்றன. இவ்வளவும் நூல்களில் கிடைக்கும். ஆனால் யாழின் இடத்தில் எதை எழுதுவது? குழல் சுற்றும் திண்ணையிலும், சரம் பின்னும் கூடத்திலும், தொட்டிலடியிலும் எழுந்த பாடல்கள் எவை? அவ்விடம் வெற்றிடமாகவே கிடக்கிறது.

நன்னியும் வானொலியும் பூனையும்

இவ்வெற்றிடத்திற்கு நானும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் நன்னி தீப்பெட்டி ஒட்டுவார். அம்மாவும் சித்தியும் வீட்டு வேலை முடிந்ததும் அவரோடு அமர்வார்கள். சுவரை ஒட்டிய பலகையில் அத்தா வாங்கி வைத்த பழைய வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அதனைத் திருகினால் குரல் வரச் சற்று நேரமாகும். உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். அச்சூட்டிற்காகவே எங்கள் வீட்டுப் பூனை அப்பெட்டியின் மேல் ஏறிச் சுருண்டு படுக்கும். வானொலியை அணைத்தால் சிறிது நேரத்தில் சூடு தணியும். பூனை எழுந்து நன்னியைப் பார்த்துக் கத்தும். “இதுக்குப் பாட்டு நின்னா பொறுக்காது” என்பார் நன்னி. சூட்டுக்காகவே அது கத்துகிறது என்று அத்தா விளக்குவார். நன்னி ஏற்கமாட்டார். பெட்டி ஒட்டிக்கொண்டே தாமே ஒரு பாட்டைத் தொடங்குவார். பூனை இறங்கிவந்து பசைக்கிண்ணத்திற்குச் சற்றுத் தள்ளி அமர்ந்துகொள்ளும்.

பட்டாசு ஊரில் பூனை வளர்ப்பது எளிதன்று. எங்கேனும் புதிய வெடியைச் சோதித்துப் பார்க்கும் ஓசை கேட்டால் அது அரிசிப் பானைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். பட்டாசுதான் எங்கள் ஊருக்குச் சோறு. அதனைக் குறைகூற நான் வரவில்லை. எனினும், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை என்னும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நன்னியின் நினைவு வரும். ஊரின் ஓசையை அவரால் நிறுத்த முடியாது. ஆகையால் பானையின் அருகே குந்தியிருந்து, எங்களைத் தூங்கவைத்த அதே தாலாட்டைப் பூனைக்குப் பாடுவார். அதில் நபிமார் பெயர்கள் வரும்; சந்தனக் கூடும் கப்பலும் வரும்; எங்கள் பெயர்களும் இடையிடையே வரும். பூனையின் முறை வந்தபோது அதன் பெயரும் வந்தது.

அத்தாலாட்டு எந்த நூலிலும் இல்லை. அதனை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனெனில் பின்னாளில் அதைத் தேடிப் பல நூல்களைப் புரட்டினேன். எம்.ஃபில். பட்டத்திற்காகச் சீறாப்புராணத்தின் உவமைகளை எண்ணி அட்டைகளில் குறித்துக்கொண்டிருந்த காலத்தில் நன்னி உயிரோடிருந்தார். நான் நூலகத்திலிருந்து திரும்பி, குறிப்பட்டைகளை அடுக்கும் அதே கூடத்தில் என் அக்காள் மகனுக்கு அவர் பாடிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் மெதுவாப் பாடுங்க நன்னி, படிக்கணும்” என்று சொன்னது நான்தான். ஒரு நாளேனும் ஓர் அட்டையை எடுத்து அவர் பாட்டை எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. இன்று என் நினைவில் இருப்பவை இரண்டே அடிகள். அவற்றிலும் ஒரு சொல் ஐயத்திற்குரியது. அம்மாவைக் கேட்டேன், அவர் ஒரு சொல் சொன்னார். சித்தியைக் கேட்டேன், அவர் வேறு சொல் சொன்னார். பூனையின் பெயரை மட்டும் மூவரும் ஒன்றுபோலச் சொன்னோம்.

வானொலி கற்றுத்தந்த பண்பாடு

பிடித்த பாட்டைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது புதிய வழக்கமன்று. 1952 முதல் ஒலிபரப்புத்துறை அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கிற்று. 1950-இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் பக்கம் நேயர்கள் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். தென்மாவட்டங்களில் அதற்குப் பின்னரும் இலங்கை வானொலியின் செல்வாக்குக் குறையவில்லை. பி.எச்.அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழும், அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியும் கடல் கடந்து வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலித்தன. தமிழை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை என் தலைமுறையினர் பலர் அவரிடமே முதலில் கற்றோம்.

அந்நாளைய நேயர் விருப்ப நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். பாட்டுக்கு முன் பெயர்கள் வரும். ஒரு வீட்டார் அனைவரின் பெயரும் வரிசையாக வரும். அண்டை வீட்டார் பெயரும் சேர்ந்து வரும். அஞ்சலட்டை எழுதியவர் தமக்கு மட்டும் பாட்டுக் கேட்கவில்லை. தம் வீட்டிற்கும் தெருவிற்கும் கேட்டார். எங்கள் தெருவில் நாகூர் ஹனீபா பாட்டு ஒலித்தால் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, “பாய் வீட்ல சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்க” என்பார். கையேந்துவது இறைவனிடம் மட்டும் இருக்கட்டும் என்னும் பொருளில் அவர் பாடிய பாடலைச் சமயம் கடந்து எத்தனை வீடுகள் தம் பாட்டாக ஏற்றுக்கொண்டன! 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அப்பெருமகனார், பள்ளிவாசல் விழாக்களிலும் அரசியல் மேடைகளிலும் ஒரே குரலில் நின்று பாடினார். அக்குரலை நாங்கள் அரங்கத்தில் கேட்கவில்லை. ஆட்டுக்கு இலை ஒடித்துப் போட்டுக்கொண்டும், பெட்டி ஒட்டிக்கொண்டும் கேட்டோம். ஆதலால் அப்பாட்டை இன்று கேட்டாலும் பசையின் மணம் சேர்ந்தே வருகிறது.

பழைய இசைத்தட்டுகளில் ஒரு நாய் ஒலிபெருக்கியின் வாயருகே தலைசாய்த்து அமர்ந்திருக்கும் படத்தைப் பெரியோர் பார்த்திருப்பீர்கள். அது கற்பனை நாயன்று. நிப்பர் என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் அதனை வளர்த்தவர் இறந்தபின், அவருடைய சகோதரராகிய ஓவியர் பிரான்சிஸ் பர்ரோ அதனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். நாயும் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின், அது ஒலிக்கருவியைக் கூர்ந்து கேட்கும் காட்சியை அவர் தீட்டினார். 1899-இல் கிராமபோன் நிறுவனம் அதனை வாங்கிற்று. தன்னை வளர்த்தவரின் குரலை அந்நாய் கேட்கிறது என்பதே அப்படத்தின் பெயர் தரும் பொருள். உலகெங்கும் இசையை விற்ற ஒரு நிறுவனம், இசையின் அடையாளமாக ஒரு பாடகரை வைக்கவில்லை; ஒரு வீட்டு நாயை வைத்தது. பாட்டு யாருடைய வீட்டில், யார் அருகிலிருக்கக் கேட்கப்பட்டது என்பதும் பாட்டின் ஒரு பகுதி என்பதை வணிகர்களும் அறிந்திருந்தார்கள்.

பெரியோர் எழுப்பக்கூடிய ஐயங்கள்

இவ்விதழைப் படிக்கும் சமுதாயப் பெரியோர் சிலர், இசுலாமிய நெறியில் வளரும் மாணவர்களிடம் பாட்டைப் பற்றியும் பூனை ஆடுகளைப் பற்றியும் பேசுவது தேவைதானா என்று வினவலாம். அவ்வினாவை நான் மதிக்கிறேன். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதனை ஆலிம்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் பேசுவது வாயால் பாடப்படும் நற்பொருள் கொண்ட வீட்டுப் பாடல்களைப் பற்றி மட்டுமே. பெருநாளன்று அன்னை ஆயிஷா அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்கர் அவர்கள் கடிந்துரைத்ததும், இது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளன.

உயிர்கள் மீதான பரிவுக்கோ சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மிகுதியான நபிமொழிகளை அறிவித்த தோழர் ‘அபூஹுரைரா’ என்றே அழைக்கப்பட்டார்; பூனைக்குட்டியின் தந்தை என்பது அப்பெயரின் பொருள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்குரியவர் ஆனதும், தாகத்தால் தவித்த நாய்க்குத் தம் காலணியில் நீர் முகந்து கொடுத்தவர் மன்னிப்புப் பெற்றதும் நம் குழந்தைகள் மதரசாவில் கேட்டறிந்த செய்திகளே. நாயை வீட்டினுள் வளர்ப்பது பற்றி நமக்கு வரையறைகள் உண்டு. அதற்கு நீர் கொடுப்பதற்கு வரையறை இல்லை.

இவ்விரண்டையும், அதாவது பாட்டையும் பரிவையும், தமிழில் ஒன்று சேர்த்த பெருமை உமறுப்புலவரைச் சாரும். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் அப்புலவர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடியபோது, மானுக்குப் பிணை நின்றதற்கென்றே ஒரு படலத்தை அமைத்தார். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர விடை வேண்டுகிறது. வேடன் நம்ப மறுக்கிறான். நபிகளார் தாமே அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாது திரும்புகிறது. ஒரு காப்பியத்தில் மன்னர்க்கும் போர்க்கும் இடம் இருப்பது இயல்பு; ஒரு தாய்மானின் பாலுக்கும் வாக்குக்கும் ஒரு படலம் முழுவதையும் அளிப்பதற்கு இரக்கம் நிறைந்த நெஞ்சம் வேண்டும். எங்கள் வீட்டில் இக்கதையை எங்களுக்கு முதலில் சொன்னவர் எழுத்தறியாத நன்னியே. நான் ஆய்வுப் பட்டத்திற்காகப் படித்த காப்பியத்தை அவர் ஆட்டுக்கு நீர் காட்டிக்கொண்டே சொல்லி முடித்திருந்தார்.

கைப்பேசியில் இல்லாதது

மாணவர்கள் எழுப்பக்கூடிய ஐயம் வேறு. எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கும்போது எழுதிவைப்பது எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் காதில் பொருத்திய கருவியில் ஒருவர் கேட்கும் பாட்டை அருகிலிருக்கும் தாய் அறியமாட்டார். ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து நான்கு பாட்டுகளைக் கேட்கிறோம். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் தலையசைப்பதில்லை. மேலும், கைப்பேசியில் இருப்பவை பதிவானவை மட்டுமே. பதிவாகாத பாட்டு அதிலும் இல்லை, நூலகத்திலும் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கைப்பேசி நுழையக்கூடாத இடம் ஒன்று உண்டு. பட்டாசு ஆலைக்குள் அதனைக் கொண்டுசெல்லப் பாதுகாப்பு விதி இடந்தராது. மருந்தோடு புழங்கும் அறையில் ஒரு பொறியும் கூடாது. காலை முதல் மாலை வரை அங்கே திரி வெட்டியும் சரம் பின்னியும் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்குப் பாட்டு வேண்டுமெனில் அது அவர்தம் தொண்டையிலிருந்துதான் வரவேண்டும். பாடிப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை இன்னும் உயிரோடிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்று கருதுகிறேன்.

ஆனால் அவ்விடம் எத்தகைய இடம் என்பதையும் நாம் அறிவோம். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், நாம் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை இவ்வட்டாரத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் செய்தித்தாளில் பெயர் வரும், வயது வரும், ஊர் வரும். பின்னர் இழப்பீட்டுத் தொகை வரும். இறந்தவர் என்ன பாடுவார், அவர் குரல் கேட்டதும் எந்த ஆடு எழுந்து வரும் என்பதை எந்தத் தாளும் எழுதுவதில்லை. எழுதவும் இயலாது, அது வீட்டார் மட்டுமே அறிந்தது. வீட்டாரும் எழுதிவைக்காவிடில், ஒருவரைப் பற்றி எஞ்சுவது அவர் எப்படி இறந்தார் என்பது மட்டுமே. எப்படி வாழ்ந்தார் என்பதன்று. இதனாலேயே இதனை இலக்கிய ஆர்வலரின் பொழுதுபோக்காக நான் கருதவில்லை. நம் மாணவர்கள் பலரின் வீடுகளுக்கு இது செய்ய வேண்டிய கடமை என்று கருதுகிறேன்.

துறைக்கு ஒரு வேண்டுகோள்

முன்னோர் வழிகாட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் நா.வானமாமலை தென்மாவட்டங்களில் சேகரிக்கப்பட்ட பாடல்களைத் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ என்னும் நூலாக 1964-இல் வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள இடைசெவலைச் சேர்ந்த கி.ராஜநாராயணன், கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அகராதியே ஆக்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய இலங்கை அறிஞர் ம.மு.உவைஸ், மறைந்துகிடந்த இசுலாமியத் தமிழ் நூல்களைத் தேடி வரலாறு எழுதினார். 1572-இல் அரங்கேறியதாகக் கூறப்படும் ‘ஆயிர மசலா’ தொடங்கி மாலை, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து எனப் பல்வகை நூல்கள் நம்முடையவை என்று இன்று நாம் பெருமை பேசுவது இத்தகையோர் உழைப்பால் ஆகும். ஏட்டிலும் அச்சிலும் இருந்தவற்றை அவர்கள் காத்தார்கள். ஏட்டில் ஏறாத வீட்டுப் பாட்டைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே நம் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பாட்டு ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். பாட்டின் சொற்கள், பாடியவர் மாணவருக்கு என்ன உறவு, எந்த வேலையின்போது பாடினார், எந்தக் காலத்தில் கற்றார், அருகில் எவ்வுயிர்கள் இருந்தன என்னும் ஐந்து செய்திகள் போதும். அது தாலாட்டாகவோ முனாஜாத்தாகவோ வானொலியில் கேட்டுத் தம் வீட்டுக்கேற்ப மாற்றிக்கொண்ட திரைப்பாடலாகவோ இருக்கலாம். சொல் ஐயமானால் ஐயம் என்றே குறிக்கட்டும், திருத்த வேண்டா. ஒரு சொல்லைத் திருத்துவது ஒரு பாட்டியைத் திருத்துவதற்கு ஒப்பாகும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நம் தாய்மார்களில் சிலர் தம் குரல் பிறர் காதில் விழுவதை விரும்பார். அவர்தம் விருப்பம் மதிக்கப்பட வேண்டும். ஒலிப்பதிவு வேண்டா, எழுத்தே போதும். பெயர் வெளியிட வேண்டா என்றால் உறவுமுறை போதும். அவர்கள் இசைவு இன்றி ஓரடியும் எழுதக்கூடாது. மதிப்போடு கேட்டால் மறுப்பவர் அரியர் என்பது என் நம்பிக்கை. அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதே உண்மை.

முன்னர்ச் சொன்ன மாணவரை மறுநாளே அழைத்து, வகுப்பினர் முன்னிலையில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். தொல்காப்பிய நூற்பாவைக் கரும்பலகையில் எழுதி, அவர் விடை அதில் எங்கே பொருந்துகிறது என்று காட்டினேன். பின்வரிசையில் சிரித்தவரே எழுந்து, தம் வீட்டில் தாத்தா மாட்டைக் குளிப்பாட்டும்போது பாடுவார் என்றார். ஒரு வாரம் கழித்து அம்மாணவர் கோடிட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பதினான்கு அடிகள். இரண்டு இடங்களில் புள்ளியிட்டு விட்டிருந்தார். “இந்த ரெண்டு இடத்துல அம்மாவுக்கே மறந்துபோச்சுங்க. பெரியம்மாவுக்குத் தெரியும்னாங்க. ஞாயித்துக்கிழமை போய்க் கேட்டுட்டு வர்றேன்” என்றார். அப்படியே சென்று கேட்டு நிரப்பியும் தந்தார். தாளின் அடியில், ஆட்டுக்குட்டி அதற்குள் வளர்ந்து கிடாயாகிவிட்டது என்றும், இப்போதும் அப்பாட்டுக்கு வருகிறது என்றும் எழுதியிருந்தார்.

கேட்பதற்குப் பெரியம்மா இருந்தார். கேட்க மகனும் சென்றார். எனக்கு அவ்விரண்டில் ஒன்று வாய்த்திருந்தும் மற்றொன்றை நான் செய்யவில்லை. மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் பாடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இவ்விதழைப் படித்து முடித்தபின் அவர்கள் அருகே சென்று அமருங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் போதும். பாடும் நாவுகளுக்கு நீண்ட ஆயுளையும், கேட்கும் செவிகளுக்குப் பணிவையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!